உருது: டெல்லி வட்டாரத்தில் பிறந்த மொழிக்குப் பாரசீக எழுத்து வந்தது எப்படி?

மகாராஷ்டிர மாநிலம் அகோலா மாவட்டத்தில் பாத்தூர் என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊர் நகராட்சிக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் மேலே மராத்தியிலும் அதற்குக் கீழே உருதுவிலும் நகராட்சியின் பெயர் எழுதப்பட்டிருந்தது. மராத்தி மட்டும் போதும், உருதுவை எடுக்க வேண்டும் என்று முன்னாள் கவுன்சிலர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2025 ஏப்ரல் 15-ம் தேதி நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, கே.வினோத் சந்திரன் அமர்வு அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. மராத்தியைப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, கூடவே இன்னொரு மொழியை எழுதக்கூடாது என்று சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சட்டப் பகுதி. பேசப்பட்டது மற்ற பகுதி. மொழி வேறு, மதம் வேறு. உருது இந்த மண்ணில் பிறந்த மொழி. அதை அந்நிய மொழியாகப் பார்ப்பது தவறு என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

ஒரு பெயர்ப்பலகைக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வைத்தது எது? அந்தப் பலகையில் இருந்த சொற்கள் யாரையும் உறுத்தவில்லை. கண்ணை உறுத்தியது எழுத்து. வலமிருந்து இடமாக ஓடும், அரபு போலத் தெரியும் எழுத்து. பார்த்த உடனே 'இது வெளியூர் சமாச்சாரம்' என்று தோன்றிவிடுகிறது. உருது பற்றிய பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மொழிக்கு ஒரு பிறப்பிடம், எழுத்துக்கு வேறொரு பிறப்பிடம், பெயர் வந்தது இன்னொரு வழியில். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

உருது வெளிநாட்டு மொழியா?

இல்லை. ஒரு மொழி எந்தக் குடும்பம் என்பதைக் கண்டுபிடிக்க அதன் பெயர்ச்சொற்களைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். பெயர்ச்சொல் எங்கிருந்து வேண்டுமானாலும் கடன் வரும். 'பஸ்', 'டிக்கெட்', 'ஆபீஸ்' என்று நாள் முழுக்கப் பேசினாலும் நாம் பேசுவது தமிழ்தான். வினைச்சொல், எண், நான் - நீ - அவன் என்கிற சொற்கள், வேற்றுமை உருபுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை லேசில் மாறாது.

உருதுவில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது 'ஏக், தோ, தீன்'. வருவது 'ஆனா', போவது 'ஜானா', செய்வது 'கர்னா'. நாம் என்பது 'ஹம்', நீ என்பது 'தும்'. எல்லாமே இந்தி தெரிந்தவர்களுக்குத் தெரிந்த சொற்கள். எதுவும் அரபு கிடையாது, பாரசீகமும் கிடையாது. பிராகிருத மொழிகள் வழியாக வந்த வட இந்தியச் சொற்கள் இவை. மொழியியலாளர்கள் உருதுவை இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தில் வைப்பது இதனால்தான்.

டெல்லி, மீரட் வட்டாரத்தில் மக்கள் பேசிய பேச்சுவழக்குக்கு 'கடிபோலி' என்று பெயர். உருதுவுக்கும் இன்றைய இந்திக்கும் அதுதான் தாய். 12-ம் நூற்றாண்டின் இறுதியில் டெல்லியில் துருக்கிய வம்சாவளி சுல்தான்களின் ஆட்சி அமைந்தது. அரண்மனையிலும் அலுவலகத்திலும் பாரசீகம், மதத்துக்கு அரபு, கடைத்தெருவில் கடிபோலி. வந்தவர்கள் காய்கறி வாங்கவும் கூலி பேசவும் சூஃபிகள் ஊர்மக்களிடம் பேசவும் உள்ளூர் மொழிதான் உதவியது. அந்த மொழியில் பாரசீகச் சொற்களும், பாரசீகம் வழியாக அரபு, துருக்கிச் சொற்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. இலக்கணம் மட்டும் அசையவில்லை.

அந்த நாளில் இதற்கு 'உருது' என்ற பெயரே கிடையாது. ஹிந்தவி, ஹிந்தி, தெஹ்லவி என்றெல்லாம் அழைத்தார்கள். இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள பட்டியாலியில் 1253-ல் பிறந்த அமீர் குஸ்ரோ, தான் ஹிந்தவியில் பாடியதைப் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். அவர் பெயரில் இன்றும் வழங்கும் விடுகதைகளும் பாடல்களும் வாய்மொழியாக வந்தவை. அவற்றுக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் மிகப் பிந்தியவை. அதனால் அதில் எது அவருடையது என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் 13, 14-ம் நூற்றாண்டிலேயே டெல்லியில் இப்படி ஒரு மொழி இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

'ராணுவ முகாம் மொழி' என்பது உண்மையா?

பள்ளிப் பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் ஒரு வரி உண்டு. 'உருது' என்றால் துருக்கியில் படைமுகாம், முகலாயர் முகாமில் பல மொழிக்காரர்கள் கலந்து பேசியதால் உருவான மொழி உருது என்பார்கள். பாதி சரி, பாதி தவறு.

சொல் துருக்கியச் சொல்தான். 'ஓர்து' என்றால் முகாம். ஆங்கிலத்தில் கூட்டத்தைக் குறிக்கும் 'ஹோர்ட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆனால் முகலாயர் டெல்லிக்கு வந்தது 1526-ல். அதற்கு 200 வருஷம் முன்பே அமீர் குஸ்ரோ ஹிந்தவி பற்றி எழுதிவிட்டுப் போய்விட்டார். முகாமில் பிறந்த மொழி என்றால் கணக்கு உதைக்கிறது.

இதை ஆராய்ந்த உருது விமர்சகர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி வேறு விளக்கம் தருகிறார். ஷாஜஹான் கட்டிய டெல்லி நகரத்துக்கு, அரசர் தங்கும் இடம் என்ற பொருளில் 'உர்து-ஏ-முஅல்லா' என்று பெயர் இருந்தது. அந்த நகரத்தின் மொழி 'ஸபான்-ஏ-உர்து-ஏ-முஅல்லா'. பேசப் பேசப் பெயர் தேய்ந்து கடைசியில் வெறும் 'உருது' ஆனது. மொழியைக் குறிக்க இந்தச் சொல்லைக் கவிஞர் முஸ்ஹஃபி பயன்படுத்தியது 1780-ஐ ஒட்டி. கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அதாவது மொழிக்கு வயது சில நூற்றாண்டுகள், பெயருக்கு வயது சுமார் 250 வருஷம். முகாம் கதை பரவலானது ஆங்கிலேயர் காலத்தில் என்பது ஃபாரூக்கியின் வாதம்.

பெயர் அப்போதும் நிலைக்கவில்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று மிர்ஸா காலிப். உருதுவின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். அவருடைய கடிதங்கள் இரண்டு தொகுப்புகளாக வந்தன. 1868-ல் வந்ததன் பெயர் 'ஊத்-ஏ-ஹிந்தி'. 1869-ல் வந்ததன் பெயர் 'உர்து-ஏ-முஅல்லா'. எழுதியவர் ஒருவர், மொழி ஒன்று. ஒரு புத்தகத்தில் அது 'ஹிந்தி', அடுத்ததில் 'உர்து'.

தெற்கில் வளர்ந்து வடக்கே போன இலக்கியம்

இது பலருக்கும் தெரியாத பகுதி. பேச்சுமொழியாக வடக்கில் பிறந்த உருது, இலக்கிய மொழியாக முதலில் வளர்ந்தது தக்காணத்தில்.

1327-ல் முகமது பின் துக்ளக் தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றினார். 'துக்ளக் தர்பார்' என்று நாம் கிண்டலாகச் சொல்லும் அதே சம்பவம்தான். தலைநகர் திரும்பிப் போய்விட்டது. தெற்கே வந்தவர்களில் பலரும் அவர்கள் பேசிய மொழியும் திரும்பவில்லை. 1347-ல் பாமினி சுல்தானகம் உருவானது. பிறகு பீஜப்பூர், கோல்கொண்டா. வடக்கே அரசவைகள் பாரசீகத்திலேயே எழுதிக்கொண்டிருந்தபோது, இங்கே சுல்தான்களே உள்ளூர் மொழியில் கவிதை எழுதினார்கள். அந்த வடிவத்துக்குப் பெயர் 'தக்னி'. ஹைதராபாத் நகரத்தை நிறுவிய முகமது குலி குதுப் ஷா, இம்மொழியில் முழுக் கவிதைத் தொகுப்பு கொண்ட முதல் கவிஞராகக் கருதப்படுகிறார். பீஜப்பூரின் இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷா இசை பற்றி 'கிதாப்-ஏ-நௌரஸ்' எழுதியதும் தக்னியில்தான்.

மராத்தியும் தெலுங்கும் கன்னடமும் பக்கத்து வீட்டு மொழிகளாக இருந்ததால் தக்னிக்கு ஒரு தனி வாசனை உண்டு. 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பார்கள். அது மராத்தியிலிருந்து வந்தது. 'ஏன்' என்பதற்கு 'கைக்கு'. லக்னோக்காரர் காதில் இது நாட்டுப்புறமாக ஒலிக்கும். ஹைதராபாத்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

இந்தத் தெற்கத்திச் சரக்கு 1700-ல் வடக்கே போனது. தக்காணக் கவிஞர் வலீ டெல்லிக்குச் சென்றார். அதன்பின் அவருடைய கவிதைத் தொகுப்பும் அங்கே போய்ச் சேர்ந்தது. வீதியில் பேசும் மொழியில் இவ்வளவு நயமாகக் கஸல் எழுத முடியுமா என்று டெல்லிக் கவிஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீர் தகி மீர், சௌதா, பின்னர் காலிப் என வடக்கின் பெரிய வரிசை அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஒரே மொழி இரண்டானது எப்போது?

'கல் மைன் பாஸார் கயா தா.' நேற்று நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன் என்று அர்த்தம். இது இந்தியா, உருதுவா? இரண்டுமே. கேட்டால் வித்தியாசம் தெரியாது. எழுதினால்தான் தெரியும். தேவநாகரியில் எழுதினால் இந்தி, பாரசீக எழுத்து வகையில் எழுதினால் உருது.

மேலே போகப் போகத்தான் பாதை பிரிகிறது. பிரதமர் என்பதற்கு இந்தி சமஸ்கிருதத்தைத் தேடிப்போய் 'பிரதான் மந்திரி' என்கிறது, உருது 'வஸீர்-ஏ-ஆஸம்' என்கிறது. காத்திருத்தல் இங்கே 'பிரதீக்ஷா', அங்கே 'இந்தஸார்'. இந்தி சினிமாப் பாட்டு எழுதுபவர்களைக் கேட்டால் இரண்டாவது சொல்லைத்தான் எடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பிரிவுக்கு ஒரு தேதி குறிக்க முடியாது. முக்கியமான கட்டங்களைச் சொல்லலாம். 1800-ல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்றுத்தர வில்லியம் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே ஜான் கில்கிறிஸ்டின் மேற்பார்வையில் பாடப்புத்தகங்கள் தயாராயின. மீர் அம்மன் உருதுவில் 'பாக்-ஓ-பஹார்' எழுதினார். லல்லு லால், அரபு - பாரசீகச் சொற்களைப் பெரும்பாலும் தவிர்த்து, நாகரி எழுத்தில் 'பிரேம்சாகர்' எழுதினார். ஒரே கட்டடம், ஒரே அடிப்படைப் பேச்சு, இரண்டு உரைநடை.

1837-ல் கம்பெனி அரசு பாரசீகத்தை அலுவல் மொழி இடத்திலிருந்து நீக்கியது. வட இந்திய நீதிமன்றங்களில் அந்த இடத்துக்கு உருது வந்தது. எழுத்து அதே பாரசீக எழுத்துதான். இங்கிருந்து விவகாரம் வேலைவாய்ப்பாக மாறியது. நாகரி மட்டும் தெரிந்தவருக்குக் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைக்காது. நாகரியையும் ஏற்க வேண்டும் என்று இயக்கம் கிளம்பியது. 1893-ல் காசியில் நாகரி பிரசாரிணி சபை தொடங்கப்பட்டது. 1900-ல் ஆளுநர் அந்தோணி மெக்டானல் நாகரிக்கும் நீதிமன்றத்தில் இடம் கொடுத்து உத்தரவு போட்டார். எழுத்துச் சண்டை மெதுவாக மதச் சண்டையின் சாயலை எடுத்துக்கொண்டது. நாகரி என்றால் இந்து, உருது என்றால் முஸ்லிம் என்ற சமன்பாடு அப்போது இறுகியதுதான்.

உண்மை நிலவரம் அந்தச் சமன்பாட்டுக்கு அடங்கவில்லை. 1822-ல் கல்கத்தாவில் வெளிவந்த முதல் உருதுப் பத்திரிகை 'ஜாம்-ஏ-ஜஹான்-நுமா'. வெளியிட்டவர் ஹரிஹர் தத்தா, ஆசிரியர் சதாசுக் லால். லக்னோவில் 1858-ல் அச்சகம் தொடங்கி உருது, பாரசீக நூல்களை மலைபோல் அச்சிட்டவர் முன்ஷி நவல் கிஷோர். குர்ஆனும் அவருடைய அச்சகத்தில் அச்சானது.

பிரேம்சந்தையும் எடுத்துக்கொள்ளலாம். இந்தி இலக்கியத்தின் முதல் வரிசைப் பெயர். ஆனால் அவர் எழுதத் தொடங்கியது உருதுவில். 'பஸார்-ஏ-ஹுஸ்ன்' என்று உருதுவில் எழுதிய நாவல்தான் 1919-ல் இந்தியில் 'சேவாசதன்' என்று முதலில் புத்தகமானது. அந்தக் கதையைத்தான் கே.சுப்ரமணியம் 1938-ல் தமிழில் 'சேவாசதனம்' என்று படமெடுத்தார். எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த முதல் படம் அது.

பாகிஸ்தானில் கதை வேறு

பிரிவினைக்குப் பிறகு உருது பாகிஸ்தானின் தேசிய மொழியானது. வேடிக்கை என்னவென்றால் உருது பிறந்த டெல்லியும் செழித்த லக்னோவும் ஹைதராபாத்தும் இந்தியாவில் இருக்கின்றன. பாகிஸ்தானில் இன்றைக்கும் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. பஞ்சாபியும் பஷ்தோவும் சிந்தியும் பேசுகிறவர்கள் அதைவிட அதிகம்.

மதம் ஒன்றாக இருந்தால் மொழியும் ஒன்றாக ஆகிவிடும் என்ற எண்ணம் கிழக்கு வங்கத்தில் உடைந்தது. 1948 மார்ச்சில் டாக்காவில் பேசிய ஜின்னா, உருது மட்டுமே ஆட்சிமொழி என்று அறிவித்தார். வங்காளம் பேசும் முஸ்லிம்களே அதை எதிர்த்தார்கள். 1952 பிப்ரவரி 21-ல் டாக்காவில் மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின. பிப்ரவரி 21-ஐ உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ அறிவித்தது அந்த மாணவர்கள் நினைவாகத்தான். மொழித் திணிப்பு என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அங்கே திணிக்கப்பட்ட மொழியாக நின்றது உருது. பாத்தூர் பலகையில் எடுக்கச் சொல்லப்பட்ட மொழியாக நின்றதும் அதே உருது.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உருதுவைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் 5.07 கோடி பேர். பாத்தூர் இருக்கும் மகாராஷ்டிராவில் மட்டும் சுமார் 75 லட்சம். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் தொடக்கத்திலிருந்தே உருது இருக்கிறது. பீகார், உத்தரப்பிரதேசம், தெலங்கானா மாநிலங்களில் இரண்டாவது ஆட்சிமொழி.

எழுத்து எங்கிருந்து வந்தது?

இப்போது அந்தப் பலகையில் இருந்த எழுத்துக்கு வரலாம். ரூபாய் நோட்டின் மொழிப் பட்டியலில் தமிழுக்குக் கீழே தெலுங்கு, அதற்கும் கீழே கடைசி வரியாக இருப்பது உருது. அதே பட்டியலில் ஐந்தாவதாக இருக்கும் காஷ்மீரியும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். எழுத்து வகை ஒன்று, மொழி வேறு.

காரணம் எளிது. பல நூற்றாண்டுகள் படித்தவர்களின் மொழி பாரசீகம். எழுதத் தெரிந்தவருக்கு அந்த எழுத்து தெரியும். தன் வீட்டு மொழியை எழுத நினைத்தபோது கையில் இருந்த எழுத்தையே எடுத்துக்கொண்டார். பாரசீகமும் முன்பு அரபிடமிருந்து எழுத்தை வாங்கியதுதான்.

அரபுக்கு 28 எழுத்து. பாரசீகத்தில் உள்ள சில ஒலிகள் அரபில் இல்லை. உதாரணமாக 'பாம்பு' என்பதில் முதலில் வரும் ப. அரபில் அந்த ஒலியே கிடையாது, இரண்டாவதாக வரும் மென்மையான ப மட்டும்தான் உண்டு. பாரசீகம் இப்படி 4 எழுத்துகளைச் சேர்த்து 32 ஆக்கியது. அந்த 32-ம் இந்தியா வந்தபோது அடுத்த சிக்கல். இங்கே ட இருக்கிறது. நாக்கை மடித்து அண்ணத்தில் தட்டும் ஒலி. தமிழ் வாயில் சாதாரணமாக வரும் இந்த ஒலி அரபிலும் இல்லை, பாரசீகத்திலும் இல்லை.

தீர்வு சுவாரஸ்யமானது. இருந்த எழுத்தின் தலையில் 'தோய்' என்ற எழுத்தைச் சின்னதாக ஒரு தொப்பி மாதிரி வைத்தார்கள். த-வின் தலையில் வைத்தால் ட. இன்னும் இரண்டு எழுத்துகளுக்கும் இதே தொப்பி. 'லட்கா' என்ற சொல்லில் பையனும் 'ஸடக்' என்ற சொல்லில் சாலையும் இந்தத் தொப்பி இல்லாமல் எழுத முடியாது. 'டோபி' என்றாலே தொப்பிதான். அதன் முதல் எழுத்துக்கும் தலையில் தொப்பி உண்டு. 'கோடா', அதாவது குதிரை என்ற சொல்லில் வரும் அழுத்தமான 'க்ஹ' ஒலியும் இந்திய ஒலி. அதற்கு 'தோ-சஷ்மி ஹே' என்ற ஓர் எழுத்தைக் கூடவே ஒட்டுவார்கள். 'இரண்டு கண் உள்ள ஹே' என்று பொருள். ஃ-ஐ முன்னால் வைத்து 'ஃப' எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அந்த உத்தி. உருது எழுத்துக்கு இந்திய முகவரி தருவது இந்தத் தொப்பியும் இரண்டு கண்ணும்தான்.

இப்படிச் சேர்த்ததில் எழுத்துகள் 40-ஐ நெருங்கின. எதைத் தனி எழுத்தாக எண்ணுவது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கொஞ்சம் மாறும்.

ஒரே வடிவத்தில் பல எழுத்துகள் வருவது கற்றுக்கொள்பவரைத் திணறடிக்கும். ஒரு படகு மாதிரி கோடு. கீழே ஒரு புள்ளி வைத்தால் 'பாம்பு'வின் இரண்டாவது ப. கீழே மூன்று புள்ளி வைத்தால் முதல் ப. மேலே இரண்டு புள்ளி என்றால் த. மேலே மூன்று என்றால் ஸ. மேலே தொப்பி என்றால் ட. ஒரு படகு, ஐந்து எழுத்து. பெரும்பாலான எழுத்துகள் அடுத்த எழுத்தோடு கைகோத்துக்கொள்வதால் சொல்லின் முதலில் வரும்போது ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று.

ஸ ஒலிக்கு மட்டும் மூன்று எழுத்து உண்டு. ஐயா என்ற பொருளில் வரும் 'சாஹிப்', ஆண்டு என்ற பொருளில் வரும் 'சால்', நற்பலன் என்ற பொருளில் வரும் 'சவாப்' மூன்றும் மூன்று வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. உருது பேசுபவர் வாயில் மூன்றுக்கும் ஒரே ஒலிதான். அரபில் தனித்தனியாக ஒலித்தவை, இங்கே வந்து ஒலி ஒன்றாகிவிட்டது, எழுத்து மட்டும் மாறவில்லை. நாம் ந-வையும் ன-வையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு இடம் பார்த்து மாற்றி எழுதுகிறோமே, அதே நிலைமை.

உயிர் ஒலி விஷயத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அ, இ, உ என்ற குறில்களுக்கு மேலும் கீழும் போடும் சிறு குறிகள் உண்டு. ஸபர், ஸேர், பேஷ் என்று பெயர். குழந்தைகள் பாடப்புத்தகத்தில் போடுவார்கள், செய்தித்தாளில் போட மாட்டார்கள். அலிஃப், சீன் என்ற இரண்டு எழுத்தைப் பார்த்தால் 'இஸ்' என்றும் படிக்கலாம், 'உஸ்' என்றும் படிக்கலாம். முதலாவது 'இந்த', இரண்டாவது 'அந்த'. எப்படித்தான் படிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். 'பாவம்' என்று தமிழில் எழுதியிருந்தால் அது செய்த பாவமா, நடனத்தில் காட்டும் பாவமா என்று நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோமோ அப்படித்தான். வாக்கியம் சொல்லிவிடும்.

இன்னொன்று, எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். எண்கள் மட்டும் இடமிருந்து வலம்.

அச்சு இயந்திரம் தோற்ற எழுத்து

அரபுச் செய்தித்தாளையும் உருதுச் செய்தித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அரபு வரி நேராகக் கோடு போட்ட மாதிரி ஓடும். உருதுச் சொற்கள் வலது மேல் மூலையில் தொடங்கி இடது பக்கம் கீழே சரிந்து இறங்கும். அந்தச் சாய்ந்த நடைக்குப் பெயர் நஸ்தலீக். 'நஸ்க்', 'தலீக்' என்ற இரண்டு எழுத்து நடைகள் சேர்ந்து பாரசீகத்தில் பிறந்தது. தப்ரீஸ் நகரத்து மீர் அலி என்ற எழுத்தோவியரை இதன் தந்தை என்பது மரபு.

கண்ணுக்கு அழகு, அச்சுக்குத் தலைவலி. ஈய எழுத்து நேர்க்கோட்டில் நிற்கும். இங்கேயோ ஒவ்வோர் எழுத்தின் உயரமும் வளைவும் அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்தது. அச்சுக் கோக்கும் முயற்சிகள் வாசகருக்குப் பிடிக்கவில்லை. 19-ம் நூற்றாண்டில் கல் அச்சு வந்தது உருதுவுக்கு வரமாக அமைந்தது. 'காத்திப்' எனப்படும் எழுத்தர் நாணல் பேனாவால் பக்கத்தை எழுதுவார், அதை அப்படியே கல்லுக்கு மாற்றி அச்சடிப்பார்கள். நவல் கிஷோரின் நூல் மலை இப்படி வந்ததுதான். மற்ற மொழிப் பத்திரிகைகளில் கம்பாசிட்டர் இருந்த இடத்தில் உருதுப் பத்திரிகைகளில் 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திப் உட்கார்ந்திருந்தார்.

இதை மாற்றியவர் பாகிஸ்தானின் அகமது மிர்ஸா ஜமீல். எழுத்துகளைத் தனித்தனியாக வைத்தால்தானே பிரச்சினை, எழுத்துச் சேர்க்கைகளையே முழுசாக வரைந்து வைத்துவிட்டால்? பல ஆயிரம் சேர்க்கைகளை வரைந்தார். மோனோடைப் நிறுவனத்தின் துணையோடு 'நூரி நஸ்தலீக்' பிறந்தது. 1981-ல் 'ஜங்' நாளிதழின் லாகூர் பதிப்பு அந்தக் கணினி எழுத்தில் வெளியானது. காத்திப்களின் வேலைக்கு அன்று ஆரம்பித்தது ஆபத்து. 1990-களில் டெல்லி நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'இன்பேஜ்' மென்பொருள், எல்லை தாண்டி பாகிஸ்தான் பத்திரிகை அலுவலகங்களிலும் பரவியது.

இணையம் வந்தபோது மறுபடியும் சிக்கல். இணையதளங்களில் நஸ்தலீக் எழுத்துரு இல்லாததால் உருதுச் செய்தித்தாள்கள் பக்கத்தைப் படமாகவே ஏற்றின. படத்தில் தேடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. செல்போன்கள் நீண்ட காலம் உருதுவை அரபு பாணி நஸ்க் எழுத்தில்தான் காட்டின. படிக்க முடியும், ஆனால் வீட்டுக்காரர் முகமூடி போட்டு வந்த மாதிரி இருக்கும் என்பார்கள் உருது வாசகர்கள். யூனிகோடும் நோட்டோ நஸ்தலீக் போன்ற எழுத்துருக்களும் அதை ஓரளவு தீர்த்திருக்கின்றன.

அதற்குள் பலர் ஆங்கில எழுத்தில் உருது தட்டச்சு செய்யப் பழகிவிட்டார்கள். 2013-ல் தொடங்கிய 'ரேக்தா' இணையதளம் உருதுக் கவிதைகளை உருது, தேவநாகரி, ரோமன் என மூன்று எழுத்திலும் தருகிறது. இதனால் கஸல் ரசிகர்கள் பெருகினார்கள். அவர்களில் பலருக்கு உருது எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. மொழி பிழைத்தால் போதும் என்கிறது ஒரு தரப்பு. எழுத்து போனால் பழைய நூல்களின் வாசல் மூடிவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவது பயம் வெறும் உணர்ச்சி அல்ல. அச்சான, கையெழுத்தான பல்லாயிரம் நூல்கள் அந்த ஒரே எழுத்தில்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் உருது

தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி உருது பேசுபவர்கள் சுமார் 12.6 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.75 சதவீதம். சென்னை திருவல்லிக்கேணி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பக்கம் காதில் விழும் உருதுவில் தக்னியின் 'நக்கோ' இன்னும் இருக்கிறது. ஆற்காடு நவாப்புகளின் ஆட்சி இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். முஸ்லிம் என்றால் உருது என்பது தமிழ்நாட்டில் பொருந்தாது. பெரும்பாலான தமிழ் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். சீறாப்புராணம் எழுதிய உமறுப்புலவர் எழுதியது தமிழில். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் தமிழையே அரபு எழுத்தில் எழுதும் 'அரபுத்தமிழ்' வழக்கம் இருந்தது. ள, ழ, ங போன்றவற்றுக்கு அரபு எழுத்துகளில் புதுக் குறிகள் சேர்த்தார்கள். உருதுக்காரர்கள் தொப்பி வைத்ததைப் போலவேதான். அரபு எழுத்தில் எழுதினாலும் அது தமிழாகவே இருந்தது.

சொற்களோ யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்து குடியேறிவிட்டன. வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்து, கைதி ஆஜராகி, ஜாமீன் ரத்தாகி, வாய்தா வாங்கும் நீதிமன்றச் செய்தியில் எத்தனை அரபு - பாரசீகச் சொற்கள் என்று எண்ணிப் பாருங்க. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, ஜப்தி, வசூல், பாக்கி, அசல், நகல், வாரிசு, ராஜினாமா எல்லாம் அந்த வழிதான். பாத்தூர் தீர்ப்பிலும் நீதிமன்றங்களில் புழங்கும் இத்தகைய சொற்களை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். தொழிற்சங்க ஊர்வலத்தில் ஒலிக்கும் 'இன்குலாப் ஜிந்தாபாத்' 1921-ல் உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மோஹானி உருவாக்கிய முழக்கம். முதல் சொல் அரபு, இரண்டாவது பாரசீகம். தமிழில் ஒரு கவிஞர் முதல் சொல்லைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டார்.

நஸ்தலீக் எழுத்தைக் கையால் எழுதும் மரபுக்குச் சென்னையிலும் ஒரு முகவரி உண்டு. 1927-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட 'தி முசல்மான்' என்ற உருது மாலை நாளிதழ், நூரி நஸ்தலீக் வந்து, இன்பேஜ் வந்து, எல்லாரும் கணினிக்கு மாறிய பிறகும் காத்திப்களின் கையெழுத்திலேயே அச்சாகி வந்தது. நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கமும் பேனாவும் மையும். எழுதி முடித்த பக்கத்தில் புதிதாக ஒரு வரியை நுழைக்க முடியாது என்பதால், மதியத்துக்கு மேல் முக்கியச் செய்தி ஏதாவது வந்தால் எழுதுவதற்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்பார்கள்.